உதவி தேவை: ஒன்பது கருப்பட்டிப் புதிருக்கு விடை ஒன்றா, இரண்டா, மூன்றா?

வடசேரிவாசி
அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாவட்டத்து நண்பர்கள் வாரந்தோறும் இணையத்தில் கூடி விளையாடும் வினாடி வினாவை நடத்தும் பொறுப்பு இந்த வாரம் என்னிடம் வந்தது. கடைசிச் சுற்றில், ஒன்பது கருப்பட்டிகளில் ஒன்று மட்டும் சீனி கலந்தது, அதைத் தராசில் வைத்துக் கண்டுபிடிக்கக் குறைந்தது எத்தனை முறை நிறுக்க வேண்டும் என்று கேட்டேன். குளச்சல் அணி ஒன்று என்கிறது, நாகர்கோவில் அணி இரண்டு என்கிறது, மார்த்தாண்டம் அணி மூன்றில் நிற்கிறது. வெல்பவருக்கு ஒரு மட்டிப்பழக் குலை என்று அறிவித்துவிட்டதால் ஒருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரவு ஒன்பது மணிக்குள் புள்ளிகளைச் சொல்ல வேண்டும். எது சரி?

இரணியல் ஆசிரியை
தம்பி, இரண்டு விவரங்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். கலப்படக் கருப்பட்டி மற்றவற்றைவிட எடை குறைந்தது என்றோ கூடியது என்றோ கேள்வியில் இருந்ததா, அல்லது எடை வேறுபடும் என்று மட்டும் இருந்ததா? அடுத்து, தராசு என்றால் இரண்டு தட்டுகள் உள்ள பழைய தராசா? இவை தெரியாமல் யார் விடை சொன்னாலும் அது ஊகம்தான்.

பனங்காட்டான்
புதிரே தவறு. ஒரே பானையில் காய்ச்சிய பதநீரை ஒரே அளவுச் சிரட்டைகளில் ஊற்றினாலும் எட்டுக் கருப்பட்டிகள் ஒரே எடையில் அமையவே மாட்டா. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. காற்றில் உள்ள ஈரத்தைக் கருப்பட்டி இழுத்துக்கொள்ளும், எடையும் மாறும். மேலும் சீனி கலந்ததைக் கண்டுபிடிக்கத் தராசு எதற்கு? ஓரத்தில் கிள்ளி நாக்கில் வைத்தால் போதும். ஆகவே விடை பூஜ்யம்.

மும்மடிச் சோழன்
இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் இங்கே பலமுறை விளக்கம் அளித்திருக்கிறேன். பழைய இழைகளைப் படிக்கும் வழக்கம் எவருக்கும் இல்லை. இரு தட்டுத் தராசு ஒவ்வொரு முறையும் இடம் தாழ்கிறது, வலம் தாழ்கிறது, சமமாக நிற்கிறது என மூன்று விடைகளைத் தரும். இருமுறை நிறுத்தால் 3 × 3 = 9 விடைகள்; பொருள்களும் ஒன்பது. மும்மூன்றாகப் பிரித்து இரண்டு குவியல்களை நிறுங்கள். தட்டுகள் சமமானால் கலப்படம் மூன்றாம் குவியலில் இருக்கும், இல்லாவிட்டால் மேலே எழும் தட்டில் இருக்கும். அந்த மூன்றில் இரண்டை எதிரெதிரே வைத்தால் முடிந்தது. இரண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு இது.

குழித்துறைக்காரன்
கடையில் இருக்கும் மின்னணுத் தராசாக இருந்தால் என்ன செய்வது? சரியான எடை முன்பே தெரியும் என்று வைத்துக்கொண்டாலும், அது எடை சரி, எடை தவறு என இரண்டு விடைகளைத்தான் தரும். மூன்று முறை நிறுத்தால் எட்டுப் பொருள்கள் வரைதான் பிரித்தறிய முடியும். ஒன்பதாவதற்காக நான்காம் முறையும் நிறுக்க நேரலாம். தராசு எது என்று முதலில் சொல்லுங்கள் அண்ணாச்சி.

கடலோரன்
நான் குளச்சல் அணியைச் சேர்ந்தவன். நான்கை ஒரு தட்டிலும் நான்கை மறு தட்டிலும் வைக்கிறோம். சமமாக நின்றால் வெளியே இருக்கும் ஒன்றுதான் கலப்படம். ஒரே முறையில் வேலை முடிந்தது. குறைந்தது எத்தனை என்றுதானே கேட்டார்கள்?

இரணியல் ஆசிரியை
சமமாக நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்? அதிர்ஷ்டம் வாய்த்தால் ஒன்று, வாய்க்காவிட்டால் எத்தனை என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை. எந்த நிலையிலும் உறுதியாகக் கண்டுபிடிக்கும் எண்ணிக்கையைத்தான் இத்தகைய புதிர்களில் கேட்பது மரபு.

கடலோரன்
அந்த மரபு கேள்வியில் எழுதப்படவில்லையே, டீச்சர்.

வடசேரிவாசி
இரு தட்டுத் தராசுதான். மற்றதெல்லாம் கேள்வியிலேயே தெளிவாக இருக்கிறது.

இரணியல் ஆசிரியை
நான் முதலில் கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை. மும்மடிச் சோழன் ஐயா, மேலே எழும் தட்டு என்று நீங்கள் எழுதும்போதே கலப்படம் எடை குறைந்தது என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால் இருமுறை போதாது. அப்போது மூன்று குவியல்களில் முதலாவதை இரண்டாவதோடும், பிறகு அதே முதலாவதை மூன்றாவதோடும் நிறுக்க வேண்டும். கலப்படம் எந்தக் குவியலில் உள்ளது, அது கனமா இலேசா என்ற இரண்டும் அதிலேயே தெரிந்துவிடும். அந்தக் குவியலில் இரண்டை எதிரெதிரே வைக்கும் மூன்றாம் முறையில் அது அகப்படும். மார்த்தாண்டம் அணி இப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும்.

மும்மடிச் சோழன்
கனமா இலேசா என்று தெரியாத பன்னிரண்டு காசுகளையே மூன்று முறையில் தீர்க்கலாம் என்பதை அறிந்தவன் நான். வினாவில் இல்லாததை நீங்கள்தான் சேர்க்கிறீர்கள்.

தோவாளைப் பூக்காரன்
இதே வினாடி வினாவின் முதல் சுற்றில் இந்தியாவின் தென்கோடி எது என்ற கேள்விக்குக் கன்னியாகுமரி என்று எழுதி நான் புள்ளி இழந்தேன். நம் ஊரில் இருந்துகொண்டே இதைத் தவறு என்பது நியாயமா?

மும்மடிச் சோழன்
நியாயம்தான். இந்தியாவின் தென்கோடி கிரேட் நிக்கோபார் தீவிலுள்ள இந்திரா முனை. 2004 சுனாமியின்போது அங்கே நிலம் தாழ்ந்தும் அந்தப் பெருமை மாறவில்லை. நம் குமரிமுனை இந்தியப் பெருநிலத்தின் தென்கோடி மட்டுமே.

கடலோரன்
பெருநிலம் என்று கேள்வியில் இல்லாததால் பூக்காரருக்குப் புள்ளி இல்லை என்கிறீர்கள், சரி. உறுதியாக என்றும் கேள்வியில் இல்லை. எங்களுக்கு மட்டும் அதை ஏன் சேர்க்கிறீர்கள்? எழுதியபடியே திருத்துவதானால் எல்லாச் சுற்றையும் எழுதியபடியே திருத்த வேண்டும்.

தோவாளைப் பூக்காரன்
அப்படியானால் எனக்குப் பாதிப் புள்ளியாவது தர வேண்டும்.

குழித்துறைக்காரன்
மணி எட்டே முக்கால் ஆகிவிட்டது. வடசேரி அண்ணாச்சி, கேள்வியை அப்படியே எடுத்து இங்கே ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

வடசேரிவாசி
ஒட்டுகிறேன்: "ஒன்பது கருப்பட்டிகளில் எட்டு சம எடை உடையவை. சீனி கலந்த ஒன்று மட்டும் எடையில் வேறுபடும். இரு தட்டுத் தராசில் குறைந்தது எத்தனை முறை நிறுத்தால் அதை உறுதியாகக் கண்டுபிடிக்கலாம்?"

இரணியல் ஆசிரியை
உறுதியாக என்ற சொல் இருக்கிறது, கூடுமா குறையுமா என்பது இல்லை. மூன்று. மார்த்தாண்டம்.

மும்மடிச் சோழன்
இதை முதலிலேயே ஒட்டியிருந்தால் நானும் மூன்று என்றுதான் சொல்லியிருப்பேன்.

வடசேரிவாசி
மார்த்தாண்டம் அணிக்குப் புள்ளி அறிவித்தாயிற்று. நன்றி.

தோவாளைப் பூக்காரன்
தென்கோடிக்கு உரிய பாதிப் புள்ளி?

பனங்காட்டான்
எட்டுக் கருப்பட்டி சம எடையில் இருக்கும் கடை எது என்று அவரிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.