அரபு நிலச் சாயலில மாயக்கதை: ஒட்டகப் பயணக் கணக்குச் சரியோ?

மணற்காடன்:
அரபு நிலத்தைப் போன்ற கற்பனை உலகத்தில நாவல் எழுதுறன். மழைக்காட்டு மலையில இருந்து 40 ஒட்டகம், 20 ஆக்கள், குந்துருக்கம் எண்ட வாசனைப் பிசின் ஏத்திக்கொண்டு 600 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற துறைமுகத்துக்குப் போகினம். ஆறு நாள் எண்டு வைச்சிருக்கிறன். வாசிச்ச ஆக்கள் பாலைவனமே தெரியேல்லை எண்டு சொல்லுகினம். ஜின், விளக்கு எல்லாம் கிடக்கு. எங்க பிழை?

துலாக்கொடி:
தண்ணிக் கணக்கிலதான் தம்பி பிழை. பொதி ஒட்டகம் நாளுக்கு 30–40 கிலோமீற்றர் நடக்கும். கிணத்தடியில தங்கிறதையும் சேர்த்தால் மூண்டு கிழமை. ஒட்டகத்துக்கு 150–200 கிலோ ஏத்தலாம். ஆளுக்கு நாளுக்கு 5 லீற்றர், கிணத்துக்குக் கிணறு நாலு நாள் எண்டால் 400 லீற்றர். தோற்பை கசியும், வெயிலில வத்தும். மூண்டு ஒட்டகம் தண்ணிக்கே போயிடும்.

இனிக் கிணத்தடிக்கு வாங்கோ. விடாய்ச்ச ஒட்டகம் ஒருக்கா 100 லீற்றர் கூடக் குடிக்கும். 40க்கு 4,000 லீற்றர். 10 லீற்றர் தோல்வாளியால 400 தரம் இழுக்கவேணும். தரத்துக்கு ஒரு நிமிசம் எண்டாலும் ஏழு மணித்தியாலம் கிட்ட. கயிறு உள்ளங்கையை உரிக்கும், கிணறு கலங்கும், கடைசியில நிக்கிறதுக்குச் சேத்துத் தண்ணிதான். ஆற்ற ஒட்டகம் முதல் குடிக்கிறது எண்ட சண்டை அங்கதான் வரும். ஒரு அத்தியாயம் முழுக்க அந்த ஒரு இரவிலயே நிக்கலாம்.

பிறைநிலா:
ஜின்னை விளக்குக்குள்ள இருந்து எடுங்கோ. அந்த அலாவுதீன் விளக்குக் கதை ஆயிரத்தொரு இரவுகளின்ர பழைய அரபுச் சுவடிகளில இல்லை; அலெப்போக்காரர் ஹன்னா தியாப் 1709இல் பாரிசில சொல்ல, அந்துவான் கலான் தன்ர பிரெஞ்சு மொழிபெயர்ப்பில சேர்த்தது. ஜின்னைப் புகையில்லாத நெருப்பால படைச்சது எண்டு குர்ஆன் சொல்லுது. சனங்களின்ர நம்பிக்கையில கிணறும் பாழ்வீடும்தான் அதின்ர இருப்பிடம். கொதிதண்ணியை நிலத்தில ஊத்த முதல் பிஸ்மி (இறைவன்ர பேர்) சொல்லுறது, அங்க இருக்கிற ஜின்னில படக்கூடாது எண்டுதான். அண்ணை சொன்ன கிணத்தடியிலயே கொண்டுவந்து வையுங்கோ.

சோளகம்:
மழைக்காட்டில குந்துருக்கம் வைக்காதேங்கோ. ஓமானில தோபார் மலையின்ர கடற்பக்கம் ஜூன் கடைசி தொட்டு செப்ரெம்பர் வரை புகாரும் பச்சையும். அதுவும் எங்கட சோளகக் காத்து, தென்மேற்குப் பருவக்காத்துத்தான். நல்ல குந்துருக்க மரம் மலைக்கு அங்கால, காய்ஞ்ச பக்கம். பட்டையைச் செதுக்கப் பால் வடியும். முதல் வடியிறது தரமில்லை, ரெண்டு கிழமை விட்டுத் திரும்பச் செதுக்கவேணும்.

மணற்காடன்:
பேரீச்சந் தோப்பை எங்கட பனந்தோப்பு மாதிரி எழுதலாமோ?

சோளகம்:
ஆண், பெண் மரம் வேறை எண்டதில பனை மாதிரித்தான். ஆனால் காத்தை நம்பினால் காய் குறையும். பாளை வெடிக்கேக்க ஆள் ஏறி, ஆண் பூவில ரெண்டு மூண்டு இணுக்கைப் பெண் பாளைக்குள்ள தலைகீழாச் செருகிக் கட்டவேணும். ஒரு ஆண் மரம் 50 பெண் மரத்துக்குக் காணும். எதிரி வந்து அந்த ஒண்டு ரெண்டு ஆண் மரத்தை மட்டும் வெட்டினால், தோப்பு பச்சையா நிக்கும், அடுத்த வருசம் பழம் இராது.