மறு: 'அல்லது வாயில்' – ஒரு மாணவியின் ஐயம்

ஈசூனிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். கணினி எப்படி இயங்குகிறது என்று விளக்கும் ஓர் ஆங்கில அறிமுக நூலைப் படித்துவிட்டு, என் உயர்நிலை இரண்டு மாணவி தமிழில் நூல் நயம் எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் வாசிக்க வேண்டும்.

ஒரு விளக்கையும் இரண்டு சுவிட்சுகளையும் வரைந்திருக்கிறாள். சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 'மற்றும் வாயில்' (AND gate), பக்கம் பக்கமாக இணைத்தால் 'அல்லது வாயில்' (OR gate). மின்னோட்டத்தை விடுவதா தடுப்பதா என்று முடிவு செய்யும் இந்தத் தருக்க அமைப்பைத்தான் 'வாயில்' என்கிறாள். அதன் கீழே பென்சிலில் ஒரு கேள்வி: "ஆசிரியை, காப்பி அல்லது தேநீர் என்றால் இரண்டில் ஒன்றுதானே? இங்கே இரண்டு சுவிட்சையும் போட்டாலும் விளக்கு எரிகிறதே?"

அவள் கேட்பது நியாயம். 'அல்லது' என்பதற்குள்ளேயே 'அல்' நிற்கிறது. இது இல்லையென்றால் அது. என்ன பெயர் சொல்லித் தரலாம்?

கிளமெண்டியிலிருந்து:

அம்மா, முதலில் 'வாயில்' என்பதையே மாற்ற வேண்டும். இல்வாய் என்பதுதான் முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று. வீட்டின் வாய் என்று பொருள். மின்னோட்டத்துக்கு ஏது வீடு? ஓடுவதைத் தடுத்தும் விட்டும் ஆள்வது மதகு. நம் சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டில் 9 மதகுகள் இருக்கின்றன, பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். 'தருக்க மதகு' என்போம்.

ஜூரோங்கிலிருந்து:

இலங்கைப் பாடநூல்களில் 'தருக்கப் படலை' என்றே படித்தோம். யாழ்ப்பாணத்து வேலியில் திறந்து சாத்துவது படலை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பட்டியை அடைக்கும் படலும் அதன் உறவுதான். 'தருக்கம்' வடசொல் என்பதால் 'ஏரணப் படலை' என்று எழுதுவோரும் உண்டு; என் விருப்பமும் அதுவே.

ஈசூனிலிருந்து:

ஐயா, ஏரணத்தையும் படலையையும் மதகையும் விளக்க எனக்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். 'வாயில்' அவளுக்குத் தெரிந்த சொல், அது இருக்கட்டும். அவள் கேட்டது 'அல்லது' பற்றி.

பீஷானிலிருந்து:

விடை நம் இடைச்சொற்களில் இருக்கிறது. தொல்காப்பியர் உம்மைக்கு, அதாவது 'உம்' என்ற இடைச்சொல்லுக்கு, எட்டுப் பொருள் சொல்கிறார். அவற்றுள் ஒன்று முற்று, எதையும் விடாத முழுமை. முதல் இணைப்பில் விளக்கு எரிய 'இரண்டும்' வேண்டும், அது முற்றும்மை. அடுத்ததில் 'ஒன்றேனும்' இருந்தால் போதும், இரண்டும் இருந்தாலும் குற்றமில்லை. மாணவி மனத்திலுள்ள காப்பி-தேநீர் வேறொரு வாயில். அங்கே 'ஒன்றே' வேண்டும்; மற்றதைப் பிரித்து விலக்கும் பிரிநிலை ஏகாரம். இரண்டும், ஒன்றேனும், ஒன்றே. எந்தச் சொல்லையும் புதிதாகச் செய்யவில்லை. 1937-இல் அமெரிக்கப் பொறியாளர் கிளாட் ஷானன் தம் முதுகலை ஆய்வில் சுவிட்சுகளை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். நம்மால் அவற்றை இலக்கணமாகவே எழுத முடிகிறது.

கிளமெண்டியிலிருந்து:

'ஒன்றேனும்' மிக நன்று. 'ஒன்றே' நிற்காது. போட்ட சுவிட்சை 1 என்றும் போடாததை 0 என்றும் கொள்வோம்; விளக்கு எரிந்தால் விடை 1. அந்தக் காப்பி-தேநீர் வாயிலுக்கு (XOR gate) மூன்று உள்ளீடுகள் கொடுத்து மூன்றும் 1 ஆனால் விடை 1. இரண்டு மட்டும் 1 ஆனால் 0. அது பார்ப்பது எண்ணிக்கை ஒற்றைப்படையா என்பதை. எங்கள் ஈரடுக்கு வீட்டின் மாடிப்படி விளக்கும் அப்படித்தான்: கீழே போட்டால் எரியும், மேலேயும் போட்டால் அணையும். சிறு வயதில் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி 'ஒற்றையா இரட்டையா' என்று கேட்போமே, அதே கேள்வி. 'ஒற்றை வாயில்' என்று வையுங்கள். இரண்டு உள்ளீட்டுக்குத் தனி ஒன்று என்ற பொருளும், பலவற்றுக்கு ஒற்றைப்படை என்ற பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

பீஷானிலிருந்து:

ஏற்கிறேன். கூட்டலும் விளங்கிவிடுகிறது. 0, 1 மட்டுமே உள்ள இரும எண்ணில் 1-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 10. ஒற்றை வாயில் அந்த 0-ஐத் தருகிறது. அடுத்த இடத்துக்குப் போகும் 1-ஐ 'இரண்டும்' வாயில் தருகிறது. ஆனால் உள்ளீடு மூன்றானால் 'இரண்டும்' பொருந்தாது, 'எல்லாம்' என்றிருக்க வேண்டும்.

ஜூரோங்கிலிருந்து:

'ஒற்றை வாயில்' என்று படிப்பவர் ஒரே ஒரு வாயில் என்றுதான் கொள்வார். 'ஒற்றைப்படை' என்று முழுமையாக எழுதுங்கள். படலையையும் நான் கைவிடவில்லை.

ஈசூனிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. மாணவியிடம் காட்டினேன். 'அல்லது'வை அழித்துவிட்டு 'ஒன்றேனும் வாயில்' என்று எழுதிக்கொண்டாள். 'மற்றும்' இருந்த இடத்தில் 'எல்லாம்'. ஒற்றையா, ஒற்றைப்படையா என்று நாளைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.