பதினாலு மாசம் வளர்த்த பிள்ளையை அம்மம்மாட்ட குடுக்கச் சொல்லினம்

வின்னிபெக் வாணி
வணக்கம். நாங்கள் ஃபொஸ்ரர் பெற்றோர், சிறுவர் நலத்துறை தாற பிள்ளையைத் தற்காலிகமா வீட்டில வைச்சு வளர்க்கிறம். ஒரு கிறீ பெடியன், கனடாவின்ர பூர்வகுடி இனம், இப்ப நாலு வயசு. புட்டும் வாழைப்பழமும் குழைச்சுக் குடுத்தால்தான் காலமை வாய் திறப்பான். போன கிழமை சிறுவர் நல வேர்க்கர் வந்து, வடக்கில ரிசேர்வில, அதான் பூர்வகுடியளுக்கு ஒதுக்கின நிலத்தில, இருக்கிற அவன்ர அம்மம்மாவோட விடப்போறம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா. அங்க சின்ன வீடு, ஏற்கெனவே ஆறு பேர். இஞ்ச அவனுக்குத் தனி அறை. இதை வைச்சுக் கோட்டில வாதாடேலாதா?

கௌரி அக்கா
வாணி, நான் ஒன்ராறியோவில சிறுவர் நலத்தில வேலை செய்தனான். உங்கட மனிற்றோபா மாகாண நடைமுறையை லோயரிட்டக் கேளுங்கோ. ஆனால் 2020 ஜனவரி 1இல இருந்து மத்திய அரசின்ர சட்டம் ஒண்டு இருக்கு. பூர்வகுடிப் பிள்ளையை ஆரோட விடுறது எண்ட ஒழுங்கு அதில கிடக்கு: தாய் தேப்பன், பிறகு சொந்தக்காரர், அதே சமூகத்து ஆள், வேற பூர்வகுடி ஆள். பிள்ளையின்ர நன்மையையும் பாப்பினம்தான், ஆனால் உங்களையும் என்னையும் மாதிரி ஆக்கள் கடைசி. வறுமை, வீடு காணாது எண்டதை மட்டும் வைச்சுப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது எண்டும் எழுதியிருக்கு. தனி அறைக் கதை எடுபடாது. கியூபெக் மாகாணம் எதிர்த்துப் போயும் 2024 பெப்ரவரியில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் எண்டு ஒருமனதாச் சொல்லிட்டுது.

சண்
பிள்ளைக்கு வேண்டியது பாசம். கலாச்சாரம் சோறு போடுமோ?

கௌரி அக்கா
சண், 2021 கணக்கெடுப்பில 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளில பூர்வகுடிப் பிள்ளையள் 7.7%. ஃபொஸ்ரரில இருக்கிற பிள்ளையளில 53.8%. அவ்வளவு தாய்மாருக்கும் பாசமில்லையோ? உங்கட மனிற்றோபாவில நோர்வே ஹவுஸ் கிறீ சமூகத்துப் பிள்ளை ஜோர்டன், பிறப்பிலயே வருத்தக்காரன், வீட்டுப் பராமரிப்புச் செலவை ஆர் குடுக்கிறது எண்டு மத்திய அரசும் மாகாணமும் இழுபட, 2005இல அஞ்சு வயசில ஆஸ்பத்திரியிலயே செத்துப்போனான். சொந்த வீட்டில ஒரு நாள் இருக்கேல்லை. இப்ப அவன்ர பேரில ஒரு கோட்பாடு இருக்கு: பூர்வகுடிப் பிள்ளைக்கு முதல்ல உதவியைக் குடு, ஆர் காசு கட்டுறது எண்டதைப் பிறகு பார் எண்டு. வாணி, அம்மம்மா அதால பிள்ளைக்கு உதவி கேட்டுப் பாக்கலாம். வேர்க்கரோட அதைக் கதையுங்கோ, கோட்டை விடுங்கோ.

வின்னிபெக் வாணி
ரண்டு நாளாப் பதில் எழுத மனம் வரேல்லை. வந்த புதுசில அவன்ர தலைமயிரை சலூனில ஒட்ட வெட்டிவிச்சனான், வெயிலுக்கு நல்லது எண்டு. அண்டைக்கு வீடியோ கோலில அம்மம்மா ஒண்டும் கதைக்கேல்லை. தன்ர நரைச்ச பின்னலைத் தூக்கிக் கமராவுக்குக் கிட்டக் காட்டினா, அவ்வளவுதான். எனக்கு அப்ப விளங்கேல்லை. பிறகு வெட்டேல்லை, இப்ப தோளில முட்டுது.

நாளைக்கு அம்மம்மாவுக்குக் கோல் எடுக்கேக்க கேக்கோணும், அங்க அரிசிமா கிடைக்குமோ எண்டு.