பெங்குயின், பனிக்கரடி பாக்க கப்பல்ல போறதுன்னா எந்த கம்பெனி உண்மையிலயே பொறுப்பா நடந்துக்குதுன்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

வெண்கடம்பு:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ரொம்ப வருஷமா காசு சேத்து வச்சு ஒரு துருவப் பயணம் போகணும்னு இருக்கோம். கூட அம்மாவும் வராங்க, 64 வயசு, நல்லா நடப்பாங்க, முட்டி மட்டும் அப்பப்ப வலிக்கும். எங்களுக்கு விலங்குகள பாக்கணும், அதான் முக்கியம், கேசினோ டான்ஸ் ஷோ எல்லாம் வேணாம். அண்டார்டிகா தீபகற்பமா இல்ல நார்வேக்கு வடக்க இருக்கிற ஸ்வால்பார்டான்னு இன்னும் முடிவு பண்ணல.

எந்த கம்பெனி சைட்ட தொறந்தாலும் பச்சை இலை படம் போட்டு சுற்றுச்சூழலுக்கு கெடுதல் இல்லாத பயணம்னுதான் எழுதியிருக்கு, எல்லாமே ஒரே மாதிரி இருக்கு. ஒரு ஏஜென்ட் போன்ல "மேடம், பெங்குயின் உங்க கிட்டயே வந்து போட்டோவுக்கு நிக்கும், கரடிகிட்ட கப்பல கொண்டு போய் நிறுத்துவோம்"னு சொன்னாரு, கேட்டதும் மனசு ஒப்பல. நாம பாக்கப்போய் அதுங்களுக்கு தொந்தரவு ஆகக்கூடாது. புக் பண்றதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும், எந்த மாசம் போனா என்ன பாக்கலாம்? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தென்கோடி:

அக்கா, அந்த ஏஜென்ட்ட முதல்ல விடுங்க. அப்படி சொல்றவருக்கு அங்க இருக்கிற விதியே தெரியல, இல்ல தெரிஞ்சே சொல்றாரு. நான் அர்ஜென்டினாவோட தெக்கு கோடியில இருக்கிற உஷுவாயா ஊர்ல கப்பல் ஏறி தீபகற்பம் போயிட்டு வந்தவன், அதனால தெக்கு பக்கம் மட்டும் சொல்றேன், ஸ்வால்பார்டுக்கு கரிச்சான் சார் வந்து சொல்வாரு.

முதல் கேள்வி, கப்பல்ல எத்தன பயணிங்க? ஐயாட்டோன்னு (IAATO) ஒரு அமைப்பு, 1991ல ஏழு கம்பெனி சேந்து ஆரம்பிச்சது, அங்க போற டூர் கம்பெனிங்க பெரும்பாலும் அதுல மெம்பர். ஒரு எடத்துல ஒரே நேரத்துல 100 பயணிங்களுக்கு மேல கரையில இருக்கக்கூடாது, 20 பேருக்கு ஒரு கைடாவது இருக்கணும், 500 பேருக்கு மேல இருக்கிற கப்பல் ஆளுங்கள எறக்கவே கூடாது, இதெல்லாம் அங்க விதி. 400 பேர் கப்பல்னா நாலு பேட்ச்சா பிரிச்சுதான் எறக்குவாங்க, உங்க நேரம் சுருங்கிப் போயிடும். 150 பேர் மாதிரின்னா ஒரு பாதி கரையில இருக்கும்போது மீதி பாதி ஜோடியாக் ரப்பர் படகுல பனிப்பாறைங்க நடுவுல சுத்திட்டு இருக்கும், அப்புறம் மாத்திக்குவாங்க. விலை கூடத்தான் வரும், ஆனா என்னக் கேட்டா நாள் கொறைஞ்சாலும் பரவால்ல, சின்ன கப்பலா பாருங்க. மெம்பரா இல்லையான்னு அவங்க சொல்றத நம்பாம ஐயாட்டோ சைட்லயே லிஸ்ட் இருக்கு, பாத்துக்கோங்க.

அங்க எறங்குறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிடும். உங்க ஜாக்கெட் பாக்கெட், பை மடிப்பு, வெல்க்ரோ எல்லாத்தையும் வேக்குவம் போட்டு ஒரு புல்விதை கூட இல்லாம எடுக்கணும், ஏன்னா நம்ம காலோட போற விதை அங்க வேர் பிடிக்கும், கிங் ஜார்ஜ் தீவுல வெளிநாட்டுப் புல் ஒண்ணு ஏற்கனவே மொளச்சிருக்கு. ஒவ்வொரு தடவ எறங்கும்போதும் ஏறும்போதும் பூட்ஸ கிருமிநாசினியில முக்கணும். 2023 அக்டோபர்ல தெற்கு ஜார்ஜியா தீவுக்கும் 2024 தொடக்கத்துல தீபகற்பத்துக்கும் பறவைக் காய்ச்சல் வந்துருச்சுல்ல, அதுக்கப்புறம் இன்னும் கண்டிப்பு. கரையில உக்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது, பைய கீழ வைக்கக் கூடாது. பறவைங்க சாகுறது சந்தேகமா தெரிஞ்சா அந்த எடத்துல எறக்க மாட்டாங்க, படகுலயே சுத்திட்டு வரணும். அதுக்கு முகம் சுளிக்காம இருங்க, நல்ல கம்பெனின்னா அப்படித்தான் பண்ணும்.

பெங்குயின்கிட்டேருந்து 5 மீட்டர், ஃபர் சீல்கிட்டேருந்து 15 மீட்டர் தள்ளி நிக்கணும். கூவர்வில் தீவுல ஜென்டூ பெங்குயின்ங்க கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து பனியில ஆழமா ஒரு தடம் போட்டு வச்சிருக்கும், நம்ம ஊர் ஒத்தையடிப் பாதை மாதிரி, அதுல நாம கால் வைக்கக் கூடாது, அது வந்தா நாம நின்னு வழி விடணும். நம்ம கால் பனியில புதைஞ்சு குழி விழுந்தா அத மூடிட்டுதான் நகரணும், பெங்குயின் உள்ள விழுந்தா ஏற முடியாது. நீங்க அசையாம நின்னா சில சமயம் அதுவே 5 மீட்டர தாண்டி கிட்ட வரும், அப்ப கைய நீட்டாம அப்படியே நில்லுங்க, தானா போயிடும்.

மாசம்: நவம்பர்ல பனி அழுக்காகாம இருக்கும், பெங்குயின்ங்க கல்லு பொறுக்கி கூடு கட்டும். டிசம்பர் கடைசி, ஜனவரின்னா குஞ்சு. பிப்ரவரி, மார்ச்ல ஹம்பேக் திமிங்கலம் நெறைய. எம்பரர் பெங்குயின் பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சாதாரண தீபகற்ப ட்ரிப்புல அது கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். நம்ம நாட்டு மைத்ரி, பாரதி ஆராய்ச்சி நிலையமும் அந்தப் பக்கம் இல்ல, கண்டத்தோட கிழக்குல எங்கயோ இருக்கு.

கரிச்சான்:

தம்பி தெக்க சொல்லிட்டாரு, நான் வடக்க சொல்றேன். நான் பறவை பாக்கறதுக்குன்னே போனவன், ஸ்வால்பார்டு எனக்கு ரொம்ப புடிச்ச எடம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன் பொறுத்துக்கோங்கம்மா.

அங்க விதி கம்பெனிங்க தாங்களே போட்டுக்கிட்டது மட்டும் இல்ல, நார்வே அரசாங்கச் சட்டமே இருக்கு. 2025 ஜனவரி 1லேருந்து பனிக்கரடிகிட்டேருந்து 300 மீட்டர், மார்ச் 1லேருந்து ஜூன் 30 வரைக்கும் 500 மீட்டர் தள்ளி இருக்கணும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள்ள 200 பேருக்கு மேல பயணிங்க இருக்கிற கப்பல் போகக் கூடாது, அங்க கரையேறணும்னா அரசாங்கம் குறிச்சுக் கொடுத்த 43 எடத்துல மட்டும்தான். கரடிய தேடிப் போய் தொரத்துறது, சாப்பாடு காட்டி இழுக்கிறது எல்லாம் ரொம்ப நாளாவே குற்றம். ஆக, கரடிகிட்ட கப்பல நிறுத்துவோம்னு சொன்ன ஆளு சட்டத்த மீறுவோம்னு சொல்றாருன்னுதான் அர்த்தம்.

300 மீட்டர் தூரத்துல வெறுங்கண்ணுக்கு கரடி ஒரு மஞ்சள் புள்ளிதான். அதனால கேமராவ விட நல்ல பைனாகுலருக்கு செலவு பண்ணுங்க, 8 மடங்கு பெருசா காட்டுற 8x42 ஆவது 10 மடங்கு காட்டுற 10x42 ஆவது, ஆளுக்கு ஒண்ணு, ஒரே பைனாகுலர மூணு பேர் மாத்தி மாத்தி பாத்தா யாருமே பாத்த மாதிரி இருக்காது. நாங்க போனப்ப ஒரு தாய்க்கரடி குட்டியோட கடல்பனி ஓரத்துல படுத்திருந்துச்சு, கேப்டன் எஞ்சின கொறச்சு தூரத்துலயே நிறுத்திட்டாரு, டெக்குல ஒருத்தரும் பேசல. அது தலைய கூட தூக்கல, குட்டி பால் குடிச்சத டெலஸ்கோப்புல எல்லாரும் பாத்தோம். கிட்ட போயிருந்தா அது எந்திரிச்சு நடந்திருக்கும், நாங்க பாத்திருக்கப்போறது அதோட முதுக மட்டும்தான்.

இந்த தூரம் ஏன்னு கேட்டா, 2018 ஜூலையில ஸ்வால்பார்டு வடக்கு ஓரத்துல ஒரு சுற்றுலாக் கப்பல் ஆளுங்கள எறக்குறதுக்கு முன்னாடி காவலுக்கு எறங்கின ஒருத்தர கரடி தாக்கி, கடைசியில கரடிய சுட்டுக் கொன்னுட்டாங்க. அதோட எடத்துக்கு நாம போய் அது செத்துப் போச்சு, அத நெனச்சா இன்னிக்கும் கஷ்டமா இருக்கு. அதனால கைடுங்க துப்பாக்கியோட முதல்ல எறங்கி சுத்துப்பட்டு முழுக்க பைனாகுலர்ல அலசுவாங்க, தூரத்துல கரடி ஒண்ணு தெரிஞ்சா கூட அன்னிக்கு எறங்குறது கேன்சல். நீங்க கம்பெனிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: எறங்குறத கேன்சல் பண்ற முடிவு யாரோடது, கைடோட தலைவரோடதா இல்ல ஆபீஸோடதா?

ஜூன் கடைசிலேருந்து ஆகஸ்ட் வரைக்கும் நல்ல சீசன். ஆல்கெஃபியெல்லெட்னு ஒரு செங்குத்துப் பாறை, அதுல கடல்பறவைங்க ஆயிரக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருக்கும், அத பாக்காம வந்துடாதீங்க. வால்ரஸ், அதான் நீளத் தந்தம் இருக்கிற பெரிய கடல் விலங்கு, அதுவும் உண்டு, அங்க 1952லயே அத வேட்டையாட தடை போட்டாங்க, அதனாலதான் இன்னிக்கு கரையில கூட்டமா படுத்திருக்கிறத பாக்க முடியுது. ட்ரோன் கொண்டு போகாதீங்க.

உப்புக்காத்து:

எல்லாரும் எப்படி போறதுன்னு சொல்றீங்க, போகணுமான்னு நான் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. 90கள் தொடக்கத்துல அண்டார்டிகாவுக்கு வருஷத்துக்கு சில ஆயிரம் பேர்தான் போனாங்க, இப்ப ஒரு சீசனுக்கு 1 லட்சத்த தாண்டிடுச்சு. கப்பல் புகைக் கரி பனிமேல படிஞ்சு வெயில இழுக்குது. 2022ல வந்த ஒரு ஆய்வு, ஒரு சுற்றுலாப் பயணியால சுமார் 83 டன் பனி சீக்கிரமா உருகுதுன்னு கணக்கு சொல்லுச்சு. 100 பேர் எறங்கலாம்னு விதி போட்டா மட்டும் போதுமா, ஒரு நாளைக்கு எத்தன கப்பல், ஒரு வருஷத்துக்கு எத்தன பேருன்னு மொத்தத்துக்கு ஒரு வரம்பு இன்னும் இல்ல. 2024 மே மாசம் நம்ம கொச்சியிலதான் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகள் கூடுச்சு, அங்கயும் சுற்றுலாவ எப்படி கட்டுப்படுத்துறதுன்னுதான் தனியா பேச ஆரம்பிச்சாங்க. பேச்சு முடியறதுக்குள்ள கூட்டம் இன்னும் பெருகிடும்னு பயமா இருக்கு.

தென்கோடி:

ப்ரோ சொல்றது நியாயம்தான், அந்த ஆய்வ நானும் படிச்சேன். அதனாலதான் எரிபொருள் பத்தியும் கேக்கணும்னு சொல்ல வந்தேன். கனமான எரி எண்ணெய்ய அண்டார்டிகாவுல 2011லயே தடை பண்ணிட்டாங்க, ஸ்வால்பார்டுலயும் 2022லேருந்து தடை. ஆனா டீசல் எவ்ளோ எரிக்குது, கரிய வடிகட்டுதா, திமிங்கலம் இருக்கிற எடத்துல 10 நாட் (மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல போகாம இருக்காங்களா, இதெல்லாம் கேட்டா பதில் எழுத்துல தர்ற கம்பெனியும் இருக்கு, மழுப்புற கம்பெனியும் இருக்கு. போறதுன்னு முடிவு பண்ணா ரெண்டையும் பாக்கணும்னு ஆசப்படாம ஒண்ண மட்டும் பாத்துட்டு வாங்க அக்கா.

வெண்கடம்பு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். உப்புக்காத்து சொன்னத வீட்ல உக்காந்து பேசினோம், ஒரே ஒரு எடம்தான்னு முடிவு பண்ணிட்டோம். அம்மாவுக்கு தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல இருக்கிற டிரேக் கடல்ல ரெண்டு நாள் ஆட்டம் தாங்காதுன்னு தோணுது, ஸ்வால்பார்டுதான் சரின்னு படுது. படகுல ஏறி எறங்க அவங்களால முடியுமா சார்?

கரிச்சான்:

முடியும்மா, என்கூட அவங்கள விட வயசானவங்களே வந்தாங்க. ஜோடியாக்ல ஏறும்போது ஆளுங்க கைய புடிக்க மாட்டாங்க, மணிக்கட்டுக்கு மேல புடிப்பாங்க, நாமளும் அவங்க மணிக்கட்ட புடிச்சுக்கணும், அப்பதான் வழுக்காது, வீட்லயே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க. கரையில சில எடத்துல முட்டிக்கு கீழ தண்ணியில கால் வச்சு எறங்கணும். நீள நடை, நடுத்தரம், சும்மா கரையோரம்னு குழு பிரிப்பாங்க, அம்மாவ கரையோரக் குழுவுல விடுங்க, அவங்களும் நல்லா பாக்கலாம். ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்ற அளவுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துடுங்க, அங்க பெரிய ஆஸ்பத்திரி இல்ல.

இன்னொண்ணு, விசா. ஸ்வால்பார்டுக்கு தனியா விசா கிடையாது, ஆனா அது ஷெங்கன் பகுதிக்கு, அதான் ஒரே விசால போக முடியற ஐரோப்பிய நாடுகளுக்கு, வெளிய இருக்கு, ஆஸ்லோ வழியா போயி திரும்பவும் ஆஸ்லோ வழியா வரணும். ரெண்டு தடவ நுழையற மாதிரி ஷெங்கன் விசா கேட்டு வாங்குங்க, மூணு பேருக்கும்.