படத்தில் இருக்கும் விமானம் எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டர்பனிலிருந்து:

எங்கள் தாத்தா டர்பன் துறைமுகத்தில் வலை போட்டு மீன் பிடித்தவர். தோணியில் ஒரு பையனை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் படம் வீட்டில் உண்டு. பின்னால் தண்ணீரில் பெரிய விமானம் ஒன்று மிதக்கும். "சண்டைக்கு முன்னாடி லண்டன் தபால் கொண்டுவந்த பிளேன். மடியில இருக்கிறது நான்" என்பார் பெரியப்பா. அவர் பிறந்தது 1933இல். பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியின் எம்பயர் என்ற, தண்ணீரில் இறங்கும் விமானங்கள் டர்பனுக்கு வரத் தொடங்கியது 1937இல். கணக்கு இடிக்காததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

போன வருஷம் அந்தப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். எம்பயருக்கு மூக்கு வழவழவென்று இருக்கும், பக்கவாட்டில் பயணிகளுக்கு ஜன்னல் வரிசை உண்டு. இதில் மூக்கிலும் வாலிலும் துப்பாக்கிக் கூண்டு! அப்படியானால் சண்டர்லாண்ட் என்ற போர் விமானம், அதுவும் தண்ணீரில் இறங்குவதுதான். இரண்டையும் செய்தது ஷார்ட் கம்பெனிதான். இரண்டுக்கும் நான்கு எஞ்சின், உச்சியில் இறக்கை. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி.

அதோடு விட்டிருக்கலாம். இறக்கைக்கு அடியில், நுனிப் பக்கமாக, சுரைக்காய் தொங்குவதுபோல் ஒரு புடைப்பு கண்ணில் பட்டது. ரேடார். அது மார்க் 5 சண்டர்லாண்டில் வருவது. தென்னாப்பிரிக்க விமானப்படையின் 35ஆவது ஸ்குவாட்ரன் 1945 முதல் 1957 வரை துறைமுகத்தின் காங்கெல்லா பக்கம் வைத்து ஓட்டியது அதைத்தான். 1945இல் பெரியப்பாவுக்குப் 12 வயது. மடியிலா உட்காருவார்?

லெனேசியாவிலிருந்து:

நான் ஏமாந்தது நேரில் பார்த்தே. ஜெர்மிஸ்டன் ராண்ட் விமான நிலைய மியூசியத்தில் மூன்று எஞ்சின் வைத்த ஜங்கர்ஸ் 52 ஒன்று நிற்கிறது. உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பான தகடு. "நம்ம பழைய தகர வீட்டுக்கு இறக்கை முளைச்ச மாதிரி இருக்கு" என்றார் ஆயா. ஜெர்மன் விமானம் என்று பிள்ளைகளுக்கு வகுப்பே எடுத்தேன். அப்புறம்தான் பலகையைப் படித்தேன்: ஸ்பெயினில் காசா (CASA) என்ற விமானக் கம்பெனி கட்டியதாம், எஞ்சின் அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னியாம். வடிவம் மட்டும் ஜெர்மனியுடையது. பிள்ளைகள் இன்னும் விடவில்லை.

சாட்ஸ்வர்த்திலிருந்து:

கறுப்பு வெள்ளைப் படத்தில் வண்ணத்தை மட்டும் நம்பாதீர்கள். சில பழைய ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவே விழும். இறக்கையில் உள்ள விமானப்படை அடையாள வட்டத்தின் நிறத்தை வைத்து எந்த நாட்டு விமானம் என்று அடித்துச் சொல்லி, ஒரு கல்யாண வீட்டில் நான் பட்ட பாடு போதும். அது சரி, டர்பன்காரரே, மடியில் இருந்தது யார்?

டர்பனிலிருந்து:

எங்கள் அப்பா. 1946இல் பிறந்தவர். பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். "பிளேன் எதுவா வேணா இருக்கட்டும்டா, அவன் போட்டிருக்கிற சட்டை என்னோடது" என்றார்.