பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற எந்தச் சவுண்ட் கார்டு?

மணிமாறன்:
1980-களில் அப்பா வானொலியிலிருந்து பதிந்து வைத்த நாதஸ்வரக் கேசட்டுகள் அறுபது இருக்கின்றன. டெக்கின் (கேசட் ஓட்டும் கருவி) வயரைக் கணினிக் கேபினெட்டின் முன்பக்கத் துளையில் செருகிப் பதிந்தால் ஒரே இரைச்சல். மவுஸை நகர்த்தினால் கூடவே 'கிர்ர்' என்கிறது. தவில் ஓய்ந்து நாதஸ்வரம் மட்டும் நீளும் இடங்களில் காதைக் குடைகிறது. மூவாயிரம் ரூபாய்க்குள், கணினிக்குள் பொருத்தும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவிடலாமா?

செழியன்:
வேண்டாம் ஐயா. முன்பக்கத்தில் இருப்பது மைக் துளை. மைக்கின் நலிந்த சைகைக்காக வைத்த பெருக்கி அதன் பின்னால் இருக்கிறது. அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அங்கிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயரும் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டை ஒட்டித்தான் போகும். பின்பக்கம் நீல நிறத்தில் லைன்-இன் துளை (டெக் போன்ற கருவிகளின் ஒலியை உள்ளே வாங்குவது) இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கேசட்டில் இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியே 50, 60 டெசிபல்தான். கணினியில் செய்யும் 16 பிட் பதிவு 96 டெசிபல் வரை தாங்கும். மதர்போர்டில் இருக்கும் ஒலி வசதியே தாராளம்.

வேணுகோபால்:
96 என்பது ஏட்டுக் கணக்கு. சைகை எண்ணாக மாறுவதற்கு முன்பே கேபினெட்டுக்குள் கெட்டுவிட்டால் அந்த 96 எதற்கு? புதுக் கார்டு வாங்கினாலும் அதே பெட்டிக்குள், அதே பவர் சப்ளையில்தான் உட்காரும். வெளியே வைக்கும் யூ.எஸ்.பி. கருவிதான் சரி. பெரிங்கர் யூ.சி.ஏ. 202 போதும்: சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகள் உண்டு, டெக் வயர் நேராகச் செருகும். '7.1' என்று அச்சிட்ட மலிவான யூ.எஸ்.பி. குச்சிகள் பக்கம் போகாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது மோனோ மைக் துளை ஒன்றுதான்.

செழியன்:
குச்சியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் டெக்கும் கணினியும் வெவ்வேறு பிளக்கில் இருந்து எர்த் வழியே வளையம் உண்டானால் யூ.எஸ்.பி. கருவியிலும் 'ம்ம்ம்' என்ற முனகல் வரும். முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணத்தை மாற்றும் அசிமுத் திருகைச் சரிசெய்யுங்கள். நாதஸ்வரத்தின் கூர்மை தொலைவது அங்கேதான். எந்தக் கார்டும் அதை மீட்டுத் தராது.

வேணுகோபால்:
அசிமுத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நாற்பது வயது நாடா இது. ஓட்டும்போதெல்லாம் பூச்சு உதிரலாம். பிறகு நல்ல கருவி வாங்கி அறுபதையும் மறுபடி ஓட்டச் சொல்கிறீர்களா? முதல் பதிவே உருப்படியாக இருக்க வேண்டும்.

மணிமாறன்:
நீலத் துளைக்கு மாற்றினேன், மவுஸ் ஒலி அடியோடு போய்விட்டது. ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியதும் முனகல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ஹெட்டைத் துடைத்தபோது பஞ்சு செம்பழுப்பாக வந்தது. முதல் கேசட்டில் அறிவிப்பாளர் பேசத் தொடங்குவதற்குள் அப்பா பொத்தானை அழுத்திய 'டக்' இப்போது தெளிவாகக் கேட்கிறது. மற்ற கேசட்டுகளை இன்னும் தொடவில்லை. நண்பரிடம் யூ.சி.ஏ. 202 இரவல் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதிலும் அந்த முதல் கேசட்டைப் பதிந்து, இரண்டையும் இங்கே போடுகிறேன்.