மாரி முடிந்தும் பசுவில் உண்ணி விடுகிறதில்லை

ஒட்டுசுட்டான் பக்கம் இருந்து எழுதுகிறேன். ஒரு ஜேர்சிக் கலப்புப் பசு, நாலு நாட்டு மாடு, ஒன்பது ஆடு வைத்திருக்கிறோம். பசுவின் மடிக்கும் தொடைக்கும் இடையில் உண்ணி ஆமணக்கு விதை போல ஊதிக் கிடக்கிறது. நாட்டு மாடுகளில் அவ்வளவு இல்லை. நானும் மகளும் காலையும் பின்னேரமும் பிடுங்கிக் கொட்டிலுக்கு வெளியே எறிகிறோம். கடையில் வாங்கிய மருந்தை ஒரு வாளிக்கு ஒரு மூடி கலந்து அடித்தேன். இரண்டு கிழமையில் பழையபடி வந்துவிட்டது. நேற்றிலிருந்து பசு தீன் எடுப்பது குறைவு, பாலும் 5 லீற்றரிலிருந்து 3 லீற்றராக இறங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

மாங்குளத்துப் பட்டிக்காரன்:
தங்கச்சி, உண்ணியை விடுங்கள், முதலில் மூத்திரத்தைப் பாருங்கள். கோப்பி நிறத்தில் போனால் இன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நிறம் மாறாவிட்டாலும் தீன் குறைந்தால் காய்ச்சல் பார்க்கத்தான் வேண்டும். கண் இமையின் உட்புறம் வெளிறியிருக்கிறதா, தோளுக்கு முன்னால் கட்டி தட்டுப்படுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். நல்லின மாடு இதைத் தாங்காது. என் முதல் பசுவை நான் வெயிலில் களைத்துப்போனது என்று நினைத்து இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் எழும்பவில்லை. ஏழு மாதச் சினை. இன்றைக்கும் அந்தக் கொட்டிலுக்குள் போனால் மனம் கனக்கும்.

அடுத்தது, பிடுங்கியதை எறிவது. ஊதிய உண்ணி முட்டைக்காரி. விழுந்த இடத்திலேயே 2000, 3000 முட்டை இடும். குஞ்சு புல் நுனியில் ஏறி மாடு வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு பேணியில் மண்ணெண்ணெய் வைத்து அதற்குள் போடுங்கள்.

மருந்தை மூடிக் கணக்கில் கலக்காதீர்கள். குறைவாகப் போனால் பலமான உண்ணி தப்பிப் பெருகும், பிறகு அந்த மருந்துக்கே சாகாது. போத்தலில் எழுதியுள்ள அளவை ஊசிக்குழாயால் அளந்து, காதுக்குள், வாலடி, மடி எல்லாம் நனைய அடியுங்கள். மாட்டு உண்ணி குஞ்சாக ஏறி ஊதி விழ ஏறக்குறைய மூன்று கிழமை எடுக்கும். அதற்குள் அடுத்த முறை அடிக்க வேண்டும்.

நெடுங்கேணி ஆட்டுக்காரி:
ஆடுகளையும் மறக்காதீர்கள் அக்கா. காதுக்குள்ளும் குளம்பு இடுக்கிலும் பாருங்கள். ஆட்டு உண்ணி பலதும் இடையிடையே இறங்கிக் கொட்டிலில்தான் ஒளிந்திருக்கும். நாங்கள் பழைய கிடுகை எரித்து, மரக்கால் வெடிப்புகளுக்கும் மருந்து அடித்த பிறகுதான் குறைந்தது. உண்ணி ஊசி போடுவதென்றால் வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள், கறக்கிற மாட்டுக்கு எல்லா ஊசியும் ஆகாது.

கேள்வி கேட்டவர்:
மூத்திரம் சிவப்பாகத்தான் இருந்தது அண்ணை. வைத்தியர் நேற்றுப் பின்னேரமே வந்தார். காய்ச்சல் 41 பாகை. இரத்தம் எடுத்து, ஊசி போட்டார். அவர் சொல்லும்வரை பால் விற்க வேண்டாம் என்றார். இன்று காலை ஒரு பிடி புல் தின்றது. மகள் பேணியோடு மடிக்குக் கீழே இருக்கிறாள்.